ஆணியில் மாட்டிய வில்லை

அலுவலகத்தில் ஒரு பிரசன்டேஷன். அதில் ஒரு ஸ்லைடுக்கு 'கடின உழைப்பு' என்பதைக் காட்டுகிற மாதிரி ஏதாவது படம் வேண்டும் என்றார் மேனேஜர். காப்புரிமைத் தொல்லை இல்லாத படமாக இருக்கட்டும் என்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்களைத் துழாவிக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் கூட்டரசுக்காக அதன் ஊழியர்கள் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அப்படித் துழாவும்போது ஒரு முகம் வந்து நின்றது. அந்த ஸ்லைடுக்குக் கடைசியில் ஏதோ ஒரு மலையேற்றப் படத்தைப் போட்டு ஒப்பேற்றிவிட்டேன். இந்த முகத்தை அங்கே போட மனசு வரவில்லை.

கென்டக்கி மாநிலம், ஹார்லன் மாவட்டம், லெஜூனியர் என்ற சின்ன ஊர். 1946 செப்டம்பர். ஷிஃப்ட் முடித்துச் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்த ஒரு தொழிலாளி. முகம் முழுக்கக் கரித்தூள், கண் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. தலையில் விளக்கு பொருத்திய தொப்பி. எண் போட்ட சின்ன உலோக வில்லை ஒன்றைப் பலகையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம்.

என்னை நிறுத்தியது படத்தின் கோப்புப் பெயர். நம் ஊரில் போனிலிருந்து இறங்கும் படங்களுக்கு வெறும் எண்தான் பெயர். இங்கே கோப்பின் பெயரே ஒரு வாக்கியம்: இன்னார், நிலக்கரி அள்ளிப்போடும் வேலை, இன்றைய வேலை முடிந்து தன் வில்லையை மாட்டுகிறார், இன்ன கம்பெனி, இன்ன சுரங்கம், இன்ன ஊர், இன்ன மாவட்டம். அவருடைய பெயர் படக்குறிப்பில் முழுதாக இருக்கிறது. நான் இங்கே எழுதவில்லை. பேரன் பேத்திகள் அங்கேயே இருக்கக்கூடும், அவர்களிடம் நான் கேட்கவில்லை. தேடுகிறவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

அன்றிரவு தூங்கப் போகும்போது மணி இரண்டு. அடுத்தடுத்த இரவுகளும் அப்படித்தான் போயின. ஒரே மனிதர், சில மாதங்களில், பல மாநிலங்களின் சுரங்க ஊர்களில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள். எடுத்தவர் ரஸ்ஸல் லீ.

*

முதலில் அந்த வில்லை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிலக்கரி என்றாலே நமக்கு நெய்வேலிதான் ஞாபகம் வரும். ஆனால் அது வானம் பார்த்துக் கிடக்கும் திறந்தவெளிச் சுரங்கம், அங்கே கிடைப்பதும் பழுப்பு நிலக்கரி. அப்பலாச்சிய மலைகளில் இருப்பது கருநிலக்கரி. மலையின் வயிற்றுக்குள் அடுக்கு அடுக்காகப் படுத்திருக்கும். உள்ளே குடைந்துபோய்த்தான் எடுக்க வேண்டும். சில அடுக்குகளின் உயரம் மூன்று நான்கு அடிதான். நிற்க முடியாது. முழங்காலிட்டு, சில இடங்களில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

உடைத்துப்போட்ட கரியை மண்வாரியால் தண்டவாளத் தொட்டியில் அள்ளிப்போடுகிறவருக்கு ஆங்கிலத்தில் லோடர் என்று பெயர். காலங்காலமாக அவருக்கு நாள்கூலி கிடையாது, டன் கணக்கில் கூலி. தான் நிரப்பிய தொட்டியில் தன் எண் பொறித்த வில்லையை மாட்டி அனுப்புவார். வெளியே எடை மேடையில் அந்த எண்ணின் பெயரில் எடை எழுதப்படும். கம்பெனியின் எடைக்காரரை நம்பாததால், தொழிலாளர்கள் தங்கள் சார்பில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்திலேயே நிற்கவைத்தார்கள். அந்த உரிமைக்காகவே பல வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. எடையில் ஏமாற்றுவது உலகத்தின் மிகப் பழைய மோசடி. ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வில்லைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பலகையைப் பார்த்தால் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரியும். உள்ளே வெடித்தால் மீட்புக்குழு முதலில் பார்ப்பது பலகையைத்தான். என் தொழிலில் பயனர் எண் என்று ஒன்றை உருவாக்கிவிட்டு அதன்மேல் எல்லாவற்றையும் கட்டுவோம். இங்கே அந்த எண் ஆணியில் தொங்குகிறது. அதிலேதான் சம்பளம், அதிலேதான் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதும். படத்தில் அந்த மனிதர் செய்துகொண்டிருப்பது இதுதான். இன்றைக்கு நான் வெளியே வந்துவிட்டேன் என்று பதிவு செய்கிறார்.

*

லெஜூனியருக்குள் கேமராவோடு ஒருவர் நுழைய முடிந்ததே ஒரு தற்செயல். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹார்லன் மாவட்டத்துக்கு 1930களில் 'ரத்தம் தோய்ந்த ஹார்லன்' என்று பட்டப்பெயர். 1931 மே 5ஆம் தேதி எவர்ட்ஸ் என்ற ஊரில் தொழிலாளர்களுக்கும் கம்பெனிகளின் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. மாவட்டக் காவல் அதிகாரியின் துணைவர்களாகப் பதவியேற்றவர்களில் பெரும்பாலோர் சுரங்கக் கம்பெனிகளிடம் சம்பளம் வாங்கினார்கள். அதாவது போலீஸும் கம்பெனி, வீடும் கம்பெனி, கடையும் கம்பெனி. அதே ஆண்டு நவம்பரில் நாவலாசிரியர் தியோடர் டிரைசர், ஜான் டாஸ் பாஸோஸ் உள்ளிட்ட எழுத்தாளர் குழு ஒன்று நிலைமையை விசாரிக்க வந்தது. உள்ளூர் அதிகாரிகள் அவர்கள்மீதே வழக்குப் போட்டார்கள். ஊரே தனியார் சொத்தாக இருக்கும்போது படம் எடுப்பதும் கிட்டத்தட்ட அத்துமீறல்தான்.

1946இல் என்ன மாறியது? அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தலைவர் ஜான் எல். லூயிஸ். அடர்ந்த புருவமும் இடிமுழக்கப் பேச்சுமாகப் பத்திரிகைக் கார்ட்டூன்காரர்களுக்கு வரப்பிரசாதமாக இருந்த மனிதர். அன்றைய அமெரிக்காவில் ரயில், எஃகு, மின்சாரம், வீட்டுச் சூடு எல்லாமே கரிதான். ஆறு வாரத்தில் நாடு தடுமாறியது. மே 21ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் சுரங்கங்களை அரசின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். சொந்தம் கம்பெனிகளுக்குத்தான், ஆனால் நடத்துவது அரசு. மே 29ஆம் தேதி வெள்ளை மாளிகையில் உள்துறைச் செயலர் ஜூலியஸ் க்ரூகும் லூயிஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஒப்பந்தத்தில் மணிக்கு பதினெட்டரை சென்ட் கூலி உயர்வு இருந்தது. அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 5 சென்ட் வீதம் தொழிலாளர் நலநிதி. இரண்டாவது, சுரங்க ஊர்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், குடிதண்ணீர், கழிப்பிடம், மருத்துவம், வீடு எப்படி இருக்கின்றன என்று அரசே ஒரு ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு கடற்படை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைமை, ரியர் அட்மிரல் ஜோயல் பூன், கடற்படை மருத்துவர். கடலே இல்லாத மலைக்குள் கடற்படை யூனிஃபார்மில் அதிகாரிகள் போய் இறங்கி, கழிப்பிடக் குழி எங்கே, கிணறு எங்கே என்று குறிப்பெடுத்த காட்சியை என்னால் சிரிக்காமல் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் அவர்கள் ஒழுங்காக வேலை செய்தார்கள். அந்த ஆய்வுக்குப் படம் எடுக்க அமர்த்தப்பட்டவர்தான் ரஸ்ஸல் லீ.

சுரங்கங்கள் 1947 ஜூன் 30ஆம் தேதி கம்பெனிகளிடம் திரும்பப் போய்விட்டன. ஆக மொத்தம் பதின்மூன்று மாதங்கள் சொச்சம் கதவு திறந்திருந்தது. நாம் பார்க்கும் படங்கள் எல்லாம் அந்த இடுக்கு வழியாக வந்தவை.

*

ரஸ்ஸல் லீ 1903இல் இல்லினாயில் பிறந்தவர். பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்தார், மேனேஜர் வரை போனார், பிறகு வேலையை உதறிவிட்டு ஓவியம் வரையப் போனார். ஓவியத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று 1935இல் கேமரா வாங்கினார். அதோடு ஓவியம் போயிற்று. இன்ஜினியரிங் படித்துவிட்டு வேறெங்கோ ஒதுங்கியவர்கள்மேல் எனக்கு இருக்கும் பாசத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் ஆரம்பத்தில் எடுத்த படங்களில் பென்சில்வேனியாவில் வேலையிழந்தவர்கள் கம்பெனி நிலத்தில் திருட்டுத்தனமாகக் குழி தோண்டிக் கரி எடுத்து விற்ற காட்சிகளும் உண்டு. பத்து வருடம் கழித்துத் திரும்பவும் கரிக்கே வந்திருக்கிறார்.

இடையில் 1936 முதல் 1942 வரை ராய் ஸ்ட்ரைக்கர் நடத்திய அரசுப் புகைப்படப் பிரிவில் இருந்தார். டோரதியா லாங், வாக்கர் ஈவன்ஸ், பென் ஷான், மேரியன் போஸ்ட் வொல்காட் எல்லாம் வேலை பார்த்த அதே பிரிவு. அவர்களில் அதிகப் புகழ் லீக்குக் கிடைக்கவில்லை. காரணம் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. அவர் நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிப்பார். மெல்லிய நிழல், சோகமான ஜன்னல் வெளிச்சம் என்று எதுவும் இருக்காது. அறை முழுக்க ஒரே வெளிச்சத்தில் அப்பட்டமாக இருக்கும். அலமாரியில் எத்தனை டப்பா, சுவரில் எந்த வருடக் காலண்டர், எதற்குப் பக்கத்தில் எது என்று எல்லாம் தெரியும். விமர்சகர்களுக்கு அது தட்டையாகத் தோன்றியிருக்கலாம். என்னைப் போன்ற ஆளுக்கு அதுதான் ருசி. எதையும் மங்கலாக்கி உங்களை அழவைக்க அவர் முயல்வதில்லை.

இன்னொன்று, அவர் ஒரு விஷயத்தை ஒரே படத்தில் முடிக்க மாட்டார். கென்டக்கியின் வீல்ரைட் ஊரில் ஒரு தொழிலாளியோடு சுரங்கத்துக்குள்ளேயே போயிருக்கிறார். துளை போடுவது ஒரு படம். கடப்பாரையும் கையுமாகக் கரிமுகத்தின் முன்னால் இருப்பது இன்னொரு படம். அள்ளுவது வேறொரு படம். வரிசையாகப் பார்த்தால் ஒரு புதிய ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்கிற கையேடு மாதிரி இருக்கிறது. உழைப்பை வியர்வை வழியும் ஒற்றைச் சிலையாக நிறுத்துவது சுலபம். என் மேனேஜர் கேட்டதும் அப்படி ஒன்றைத்தான். லீ அதை அடுத்தடுத்த அறிவாக, கைப்பழக்கமாகக் காட்டுகிறார். மேலே இருக்கும் பாறையைத் தட்டி அதன் சத்தத்தை வைத்தே பிடிப்பாக இருக்கிறதா, விழப்போகிறதா என்று சொல்லிவிடுவார்கள் அந்த மனிதர்கள். அந்தக் காது வர எத்தனை வருடம் ஆகியிருக்கும்!

*

ஆனால் படங்களில் பெரும்பகுதி பூமிக்கு மேலேதான். அதுதான் ஆய்வின் நோக்கமும்.

தண்ணீர். எனக்கு இந்தப் படங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது தண்ணீர்தான். பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு கைப்பம்பு. அங்கிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு மேடேறும் பெண்கள். குழந்தைகளும் தூக்குகிறார்கள். மலைச்சரிவில் கம்பெனி கட்டிய மர வீடுகள் வரிசையாக நிற்க, கழிப்பறைகள் ஓடைக்கரையை ஒட்டி நிற்கின்றன. புருஷன் தலையிலிருந்து கால்வரை கரியோடு வீட்டுக்கு வருவார். அவர் குளிக்கவும், துணி துவைக்கவும், சமைக்கவும், பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் எல்லாத் தண்ணீரும் கையால் ஏறி வந்தது. டன் கணக்கில் புருஷன் அள்ளினான் என்றால், மனைவியும் வாழ்நாளில் டன் கணக்கில் தூக்கியிருக்கிறாள். அதற்கு வில்லையும் இல்லை, எடை மேடையும் இல்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

படக்குறிப்புகளில் வாடகை இருக்கும். மாதம் எத்தனை டாலர், எத்தனை அறை, மின்சாரம் உண்டா, தண்ணீர் உள்ளேயா வெளியேயா. வாடகைக்குப் பக்கத்தில் படத்தைப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. வீட்டுக்குள் அந்தப் பெண் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறாள். ஓட்டை மறைக்கச் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தாலும் அது நேராக ஒட்டப்பட்டிருக்கிறது. வாசல்படிக்கு வெளியே கம்பெனியின் அலட்சியம், உள்ளே அவளுடைய பிடிவாதம். லீயின் இரக்கமில்லாத ஃபிளாஷ் இரண்டையும் ஒரே மாதிரிக் காட்டிவிடுகிறது.

சனிக்கிழமை மதியங்கள் இருக்கின்றன. மேற்கு வர்ஜீனியாவில் மெக்டவல் மாவட்டத்தின் வெல்ச் நகரம். தெருவில் அத்தனை கூட்டம், கறுப்பர்களும் வெள்ளையர்களும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கடைவீதியில். இந்த மலைக்குள் இவ்வளவு பேரா என்று இருக்கும். கம்பெனிக் கடைகள் இருக்கின்றன. பல கம்பெனிகள் நீண்ட காலம் டாலருக்குப் பதில் தங்கள் கடையில் மட்டும் செல்லுபடியாகும் டோக்கனை முன்பணமாகக் கொடுத்தன. கூலி கைக்கு வரும்முன்பே கடைக்கணக்கில் கரைந்துவிடும். தற்செயலாகப் பாருங்கள், லீ இந்த ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்த அதே 1946 ஆகஸ்டில்தான் கென்டக்கிச் சுரங்கக் குடும்பத்திலிருந்து வந்த மெர்ல் டிராவிஸ் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாட்டைப் பதிவு செய்தார். கடைக்கடன் பற்றிய அந்தப் பாட்டு 1955இல் வேறொரு பாடகர் குரலில் நாடெங்கும் ஒலித்தது.

செப்டம்பர் 15, ஒரு ஞாயிற்றுக்கிழமை, லெஜூனியரில் ஒரு பெந்தெகொஸ்தே ஆராதனை. சபையார் கைகளில் விஷப்பாம்புகள். விசுவாசத்தின் அடையாளமாகப் பாம்பைப் பிடிப்பது அங்கே ஒரு வழக்கம். கென்டக்கி அரசு 1940லேயே ஆராதனையில் பாம்பைக் கையாள்வதைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. அரசாங்கம் அனுப்பிய புகைப்படக்காரர் அரசாங்கம் தடைசெய்ததைப் படமெடுக்கிறார், அவர்களும் அனுமதிக்கிறார்கள். இந்தப் படங்கள்தான் இன்றைக்கும் இணையத்தில் அதிகம் சுற்றுகின்றன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். வாளி தூக்குகிற பெண்ணை யாரும் பகிர்வதில்லை. பாம்பு என்றால் பகிர்கிறார்கள். 'மலைவாசிகள்' என்று ஒரு கேலிச்சித்திரம் ஏற்கனவே நம் தலைக்குள் இருக்கிறது, அந்தப் படம் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் தலைக்கு மேல் பாறை எப்போது விழும் என்று தெரியாத இடத்தில் முழங்காலிடுகிறவர், ஏழாவது நாள் தானாகவே ஒரு ஆபத்தைத் தேர்ந்தெடுத்துக் கையில் எடுக்கிறார் என்று இதைப் பார்க்கலாம் இல்லையா? ஆராதனைப் படங்களை மட்டும் தனியாகப் பிய்த்துப் பார்த்தால் இது தோன்றாது.

வீல்ரைட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எஃகுக் கம்பெனியான இன்லண்ட் ஸ்டீல் 1930இல் வாங்கிச் செதுக்கிய 'மாதிரி' ஊர். நூலகம், நீச்சல்குளம், கோல்ஃப் மைதானம் எல்லாம் உண்டு. லெஜூனியர் படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால் வேறு தேசத்துக்கு வந்த மாதிரி இருக்கும். மனசு வைத்தால் ஒரு கம்பெனியால் இப்படியும் செய்ய முடியும் என்று காட்டவே ஆய்வுக்கு அந்த ஊர் உதவியது. ஆனால் அங்கேயும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு தனி. பள்ளிக்கூடமோ கென்டக்கியின் 1904ஆம் ஆண்டுச் சட்டப்படியே தனி. சங்கம் 1890இல் தொடங்கியதிலிருந்தே கறுப்பர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. பூமிக்கு அடியில் எல்லா முகமும் ஒரே கறுப்பு. வெளியே வந்து குளித்தவுடன் ஊர் இரண்டாகிவிடும்.

*

பெயர்களுக்குத் திரும்பி வருகிறேன்.

இவருக்கு முன்னால் சுரங்கங்களைப் படமெடுத்தவர்களில் லூயிஸ் ஹைனைத் தெரிந்திருக்கும். 1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டனில் கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவர்களை எடுத்த படம் பாடப்புத்தகங்களில்கூட வருகிறது. குழந்தை உழைப்புக்கு எதிரான இயக்கத்துக்கு அவை ஆயுதம். அந்தப் படத்தில் சிறுவர்கள் ஒரு கூட்டம், ஒரு குற்றச்சாட்டு. 1936இல் டோரதியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' உலகப் புகழ் பெற்றது. அந்தத் தாய் யார் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆயிற்று. ஃபிளாரன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தப் பெண்மணிக்கு அந்தப் புகழில் சந்தோஷம் இல்லை. தன் முகம் ஒரு சின்னமாகிவிட்டது, தன் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

லீயின் சுரங்கப் படங்களில் கணிசமானவற்றில் பெயர் இருக்கிறது. கணவர், மனைவி, பிள்ளைகள். என்ன வேலை, எந்தச் சுரங்கம். இதை அன்பு என்று சொல்லிவிட எனக்குக் கை வருகிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. அது ஒரு ஆய்வு, ஆய்வுக்கு ஒழுங்கான தரவு வேண்டும், இன்ஜினியர் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார். அரசுகள் பெயரைக் குறிக்கும்போது எல்லா நேரமும் நன்மைக்காகக் குறிப்பதில்லை என்பதும் தெரிந்ததுதான். இருந்தாலும் விளைவு என்ன? எண் போட்ட வில்லையால் மட்டுமே கம்பெனிக்குத் தெரிந்த ஒரு ஆள், இங்கே பெயரோடு நிற்கிறார். பெயர் இருப்பதால் அவரைச் சின்னமாக்க முடியவில்லை. ஸ்லைடில் 'கடின உழைப்பு' என்று தலைப்பு வைத்து ஒட்ட முடியவில்லை.

ஆய்வறிக்கை 1947இல் வெளிவந்தது. கூடவே 'சுரங்கத் தொழிலாளியும் அவர் குடும்பமும்' என்ற பொருளில் தனி இணைப்பு, லீயின் படங்களோடு. அறிக்கை வந்த அதே ஆண்டு மார்ச் 25ஆம் தேதி இல்லினாயில் சென்ட்ரேலியா ஐந்தாம் எண் சுரங்கம் வெடித்து 111 பேர் இறந்தார்கள். கரித்தூள் குவிந்து கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்று மாநில ஆய்வாளர் பலமுறை எழுதியிருந்தார். ஒரு வருடம் முன்பே உள்ளூர்ச் சங்க நிர்வாகிகள் நான்கு பேர் எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். நால்வரில் மூவர் அந்த வெடிப்பில் செத்தார்கள். அப்போது சுரங்கத்தை நடத்திக்கொண்டிருந்தது அரசு. லீயை அனுப்பிய அதே அரசு. அதனால்தான் இந்தப் படங்களை 'நல்ல அரசாங்கம் கண் திறந்த கதை' என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. ஒரு கை வாளியைப் படமெடுத்துக்கொண்டிருந்தது, இன்னொரு கை ஆய்வாளரின் கடிதத்தை ஃபைலில் போட்டு மூடியது.

இந்தப் படங்களில் எது இல்லை என்றும் யோசித்தேன். தூசி இருக்கிறது, முகத்தில். நுரையீரல் இல்லை. எந்த ஃபிளாஷும் அங்கே எட்டாது. மூச்சுத் திணறலோடு வந்தவர்களிடம் கம்பெனி டாக்டர்கள் அது ஆஸ்துமா, சிகரெட், சுரங்கக்காரர்களுக்கு வருவதுதான் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கருநுரையீரல் நோய்க்குக் கூட்டரசுச் சட்டத்தில் இழப்பீடு வந்தது 1969இல். அதற்கும் முந்தைய ஆண்டு நவம்பரில் ஃபார்மிங்டனில் 78 பேர் சாக வேண்டியிருந்தது, மேற்கு வர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கானோர் வேலையைப் போட்டுவிட்டுத் தலைநகருக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1946இல் லீயின் கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தைப் பார்க்க மூச்சோடு இருந்தார்கள்?

*

அந்த 5 சென்ட் என்ன ஆயிற்று?

முதலில் நடந்தது நல்ல விஷயம். நலநிதி சீக்கிரமே டன்னுக்கு 10 சென்ட் ஆனது, பிறகு 20, 30, 1952இல் 40. முதுகெலும்பு முறிந்து வருடக்கணக்கில் பின்னறைக் கட்டிலில் கிடந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்ட்ரெச்சரில் மலையிறக்கி, ரயிலேற்றி கலிபோர்னியா வரை மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 1956இல் கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் பத்து மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. ஒன்று ஹார்லனில். இன்னொன்று வீல்ரைட் இருக்கும் ஃபிளாயிட் மாவட்டத்திலேயே. லீயின் படங்களில் தெரிகிற கம்பெனி மருத்துவமனைகளுக்கும் இவற்றுக்கும் இடையே பத்து வருடம்தான்.

ஆனால் நிதி ஓடியது டன்னில், ஆளில் இல்லை. லூயிஸ் இதைத் தெரிந்தே செய்தார் என்றுதான் நினைக்கிறேன். இயந்திரம் வந்தால் டன் கூடும், டன் கூடினால் நிதி கூடும், குறைந்த ஆட்களாவது நன்றாக வாழட்டும் என்பது அவர் கணக்கு. 1950 ஒப்பந்தத்துக்குப் பிறகு இயந்திரமயத்தைச் சங்கம் எதிர்க்கவில்லை. சுமார் 4 லட்சமாக இருந்த தொழிலாளர்கள் 1960களில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே போனார்கள். முதலில் தேவையற்றுப் போனவர் யார் என்றால், கையால் அள்ளிப்போடும் லோடர். வில்லை மாட்டிய நம் ஆள். என் துறையில் இந்த வருடங்களில் மீட்டிங்குகளில் 'உற்பத்தித்திறன்' வரைபடத்தைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வருகிறது. நானும் அந்த வரைபடத்தைத் தயாரிப்பவர்களில் ஒருவன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போதாததற்கு ரயில்கள் டீசலுக்கு மாறின, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. டன்னும் குறைந்தது. நிதி சுருங்கியபோது வேலையிழந்து ஒரு வருடம் ஆனவர்களின் மருத்துவ அட்டையை ரத்து செய்தார்கள். 1962இல் சில மருத்துவமனைகளை மூடப்போவதாக அறிவிப்பு வந்ததும் கிழக்குக் கென்டக்கியில் தொழிலாளர்கள் கார்களில் கூட்டம் கூட்டமாகச் சுரங்கம் சுரங்கமாகப் போய் மறியல் செய்தார்கள். தங்கள் சங்கத்தின் நிதியை எதிர்த்தே. கடைசியில் மருத்துவமனைகளை வேறொரு லாபநோக்கற்ற அமைப்பு வாங்கி நடத்தியது. ஹார்லனில் இன்றும் அந்த வழிவந்த மருத்துவமனை இயங்குகிறது.

ஊர்கள் அப்படி இயங்கவில்லை. சனிக்கிழமை கூட்டம் நெரிந்த வெல்ச் இருக்கும் மெக்டவல் மாவட்டத்தில் 1950 கணக்கெடுப்பில் 98,887 பேர். 2020இல் 19,111. வேலை தேடி டெட்ராய்ட், சின்சினாட்டி, சிகாகோ என்று போய்விட்டார்கள். வீல்ரைட்டை இன்லண்ட் ஸ்டீல் 1960களில் விற்றுவிட்டது.

2024 மார்ச்சில் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் லீயின் இந்தப் படங்களை மட்டும் வைத்து ஒரு பெரிய கண்காட்சி திறந்தார்கள், 200க்கும் மேற்பட்ட படங்கள். என்னால் போக முடியவில்லை. பதிலுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் படங்களையும் குறிப்புகளையும் இறக்கிக்கொண்டேன். அதில் ஒரு சிக்கல். இணையத்தில் ஏற்றியபோது கோப்புப் பெயருக்கு நீள வரம்பு இருந்திருக்கிறது. நீளமான குறிப்புகள் பாதியில் மூன்று புள்ளிகளோடு அறுந்திருக்கின்றன. சிலவற்றில் அறுந்தது கம்பெனியின் பெயர். சிலவற்றில் மாவட்டம். குறிப்பு பெயரிலேயே தொடங்குவதால் ஆட்களின் பெயர் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. காப்பகத்தின் பட்டியலில் முழுக் குறிப்பும் இருக்கிறது. எண்ணைப் பிடித்து ஒவ்வொன்றாக ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன். ஹார்லன் முடிந்துவிட்டது, இப்போது மெக்டவலில் இருக்கிறேன்.